மாத்திரை வீட்டுக்கு வருகிறது, வயிற்றுக்குள் போகிறதா?

'அல்சூர் ஏரிக்கரை' என்ற பெயரில் ஒருவர், 2 மார்ச் 2025, மாலை

வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை மதிப்பிட வேண்டும் என்று இந்தப் பெங்களூர்த் தமிழர் குழுவில் இரண்டு வாரமாக இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். 2022 டிசம்பர் முடிவதற்குள் 1 கோடிப் பேர். 2024இல் ஐ.நா. விருது. ஊரில் இருக்கிற நம் கிழவன் கிழவிகளுக்கு வாசலிலேயே பிரஷர் மாத்திரை கிடைக்கிறது. இதற்கு மேல் என்ன மதிப்பீடு, ஆய்வு, மண்ணாங்கட்டி? பெங்களூரில் ஏசியில் உட்கார்ந்து நொட்டை சொல்கிறவர்கள் ஒரு தடவை ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை, 2 மார்ச், இரவு 10.40

போய்ப் பார்த்துவிட்டு இப்போதுதான் வந்து இறங்கினேன். சில்க் போர்டில் ஆட்டோக்காரரோடு சண்டை போட்ட கையோடு எழுதுகிறேன், கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும்.

அம்மாவுக்கு 74 வயது. ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமம், அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறார். பிரஷருக்குக் காலையில் ஒரு மாத்திரை, சுகருக்குக் காலையும் இரவும் ஒவ்வொன்று. மாதம் ஒரு முறை சுயஉதவிக் குழுப் பெண் ஒருவர் வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அம்மாவுக்கு அவர் 'மாத்திரைக்காரப் பொண்ணு'.

நான் 28 வருஷமாக ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கணக்கு பார்க்கிறவள். எதைக் கண்டாலும் எண்ணிவிடுவேன், வியாதி அது. நேற்று அம்மாவின் மஞ்சப்பையைப் பாயில் கவிழ்த்தேன். யாரோ கல்யாணத்தில் கொடுத்த பை, மாப்பிள்ளை பெயர் முழுக்க அழிந்து பெண் பெயர் மட்டும் நிற்கிறது. உள்ளே பிரஷர் மாத்திரை 48, சுகர் மாத்திரை 112, ஒரு தைலப் புட்டி, பாதி கரைந்த பச்சைக் கற்பூரம், 2019 வருஷத்து ரேஷன் ரசீது.

பிப்ரவரி 20ஆம் தேதி காலையில் மாத்திரை வந்திருக்கிறது. மாதத்துக்கு 30 பிரஷர் மாத்திரை என்றால் மார்ச் 1ஆம் தேதி இரவு மாத்திரையும் போன பிறகு 20 மிச்சம் இருக்க வேண்டும். 48 இருக்கிறது. சுகரில் 40 இருக்க வேண்டும், 112 இருக்கிறது. அதாவது அம்மா ஒரு மாதத்துக்கு மேல் ஒழுங்காக மாத்திரையே போடவில்லை.

ஏரிக்கரை சொல்லும் 1 கோடி என்பது ஸ்டோரிலிருந்து வெளியே போன கணக்கு. எங்கள் தொழிற்சாலையில் நூல் கண்டு ஸ்டோரை விட்டுப் போனால் அது துணியாகிவிட்டது என்று யாரும் எழுத மாட்டார்கள். மாத்திரையில் மட்டும் எழுதுகிறோம்.

கணக்குப்பிள்ளை, 2 மார்ச், இரவு 11.15

மூன்று பேர் 'சார்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சார் இல்லை.

கணக்குப்பிள்ளை, 4 மார்ச்

திருத்தம். மேலே இருக்கிற என் கணக்கு தப்பு. அழிக்காமல் விடுகிறேன், கிடக்கட்டும்.

அண்ணியிடம் ஃபோனில் குதித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “என்னம்மா நீ, ரெண்டு மாசத்துக்குச் சேத்துத்தான் வாங்கி வெச்சோம். மார்ச்ல அத்தையைப் பெங்களூர் கூட்டிட்டுப் போறேன்னு நீதானே சொன்ன?”

நான்தான் சொன்னேன். அண்ணி அந்தப் பெண்ணிடம் கேட்க, அவரும் மேலே பேசிச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். பழைய மாத்திரை அப்போது ஒன்றுகூட மிச்சமில்லை என்று அண்ணி சத்தியம் செய்கிறார். வரவு எவ்வளவு என்று கேட்காமல் இருப்பை மட்டும் எண்ணியது எந்தக் கத்துக்குட்டியும் செய்யாத தப்பு. இந்த லட்சணத்தில் 28 வருஷம்.

மறுபடி போட்டுப் பார்த்தேன். பிரஷர் மாத்திரை 60 வந்தது, 10 நாள் போனது, 50 இருக்க வேண்டும். இருப்பது 48. அதாவது இரண்டு குறைகிறது! சுகர் 120 வந்தது, 100 இருக்க வேண்டும், 112 இருக்கிறது. அங்கே பன்னிரண்டு அதிகம்.

அம்மாவிடம் கேட்டேன்.

“தலை கிறுகிறுன்னு வந்தா பிரஷர் மாத்திரை ஒண்ணு சேத்துப் போட்டுக்குவேன் கண்ணு.”

“சுகர் மாத்திரை?”

“ராத்திரி சில நாள் சோறு இறங்காது. காலைல பழையது சாப்பிட்டா வயிறு மந்தமா இருக்கும், அன்னைக்கும் வேணாம்னு விட்டுருவேன். சாப்பாட்டுக்கு அப்புறம்னுதானே அந்தப் பொண்ணு சொல்லிச்சு?”

இரண்டாவதைப் பற்றி இங்கே மருந்துப்பெட்டி என்ற பெயரில் எழுதும் டாக்டரிடம் கேட்டேன். சோறு இல்லாத இரவில் அந்த மாத்திரையை விட்டதற்குத் திட்ட மாட்டேன், சாப்பாடு ஏன் இறங்கவில்லை என்றுதான் பார்ப்பேன் என்றார். முதலாவதற்கு நன்றாகத் திட்டினார். வயதானவர்களுக்குப் படுத்தோ உட்கார்ந்தோ இருந்து சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். அதற்குப் பிரஷர் மாத்திரையையே கூடுதலாகப் போட்டால் இன்னும் இறங்கும். கிணற்றடியில் விழுந்தால் இடுப்பெலும்பு போச்சு.

அந்தப் பெண் வந்து பார்க்கும்போது அம்மாவின் பிரஷர் 128/76. கணக்கில் 'கட்டுக்குள் இருக்கிறது'. அந்த எண் எப்படி வந்தது என்று மஞ்சப்பைக்குத்தான் தெரியும்.

கணக்குப்பிள்ளை, 9 மார்ச்

'அப்படியானால் திட்டம் வீண் என்கிறீர்களா?' என்று ஏரிக்கரை கேட்கிறார். இல்லை. என் முதல் குறிப்பின் குரல் அப்படித்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். இப்போது சொல்வது வேறு.

மருந்துப்பெட்டி அனுப்பிய எண்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் முறையில் தமிழ்நாட்டில் 2020இல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. பிரஷர் இருப்பவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம், சுகரில் 10.8. திட்டம் வந்த பிறகு நடந்த இரண்டாம் சுற்றில் பிரஷர் 17, சுகர் 16.7. மாத்திரை எத்தனை பேருக்குப் போனது என்று கேட்காமல், ரத்த அழுத்தம் இறங்கியதா என்று வீடு வீடாக அளந்து பார்த்த எண்கள் இவை. பிரஷரில் இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றம். நூற்றில் 83 பேருக்கு இன்னும் கட்டுக்குள் இல்லை என்றும் படிக்கலாம். இரண்டும் ஒரே வரிதான், அவரவர் மனநிலைப்படி படித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதில் இடித்தது வேறு ஒன்று. அந்த 2020 கணக்கெடுப்பு 18 வயது முதல் 69 வயது வரை. உலகம் முழுக்க அந்த முறைக்கு வழக்கமான வரம்பு அது. என் அம்மாவுக்கு 74. மாத்திரை வாங்குகிற கூட்டத்தில் அம்மா உண்டு, மாத்திரை வேலை செய்ததா என்று பார்க்க அடிப்படையாக வைத்த அந்தக் கூட்டத்தில் அம்மா வயதுக்காரர்கள் இல்லை. தலைசுற்றலும் கீழே விழுவதும் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்வதும் அதிகமாக நடப்பது அந்த வயதில்தான்.

பெரியவர்களுக்கென்றே ஒரு பெரிய ஆய்வு உண்டு. மும்பை தேவ்னாரில் இருக்கிற மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் நடத்துகிற லாசி. முதல் சுற்று 2017-18. 45 வயதுக்கு மேல் 72 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள், அதில் 60 தாண்டியவர்கள் 31,464 பேர். பிரஷர் பார்த்தார்கள், கைப்பிடி வலுவைக்கூட அளந்தார்கள். ஆனால் அது நாடு முழுக்கப் பெரியவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கிற ஆய்வு. ஒரு திட்டம் ஒரு வட்டாரத்தில் என்ன செய்தது என்பதற்கு அதில் விடை தேட முடியாது.

கணக்குப்பிள்ளை, 11 மார்ச்

70 வயது தாண்டினால் ஆயுஷ்மான் அட்டையில் 5 லட்சம், அதைப் பற்றி ஏன் பேசவில்லை என்று ஒருவர். அது ஆஸ்பத்திரியில் படுத்தால் வருகிற பணம். அம்மா என்னைப் பெற்றது முதல் ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை, என்னையும் வீட்டில்தான் பெற்றார். அவருக்குத் தேவை மாதா மாதம் மாத்திரை, கண்ணாடி, முட்டி வலிக்கு ஒரு வழி. அந்த அட்டை நல்லதுதான், இங்கே பேசுகிற விஷயம் வேறு.

கணக்குப்பிள்ளை, 18 மார்ச்

அம்மா வந்துவிட்டார். ராமமூர்த்தி நகரில் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஏறி வந்ததும் சொன்ன முதல் வார்த்தை: “இதுல எப்படிடி சாமான் ஏத்துறீங்க?”

மஞ்சப்பை ஊரிலேயே. மறந்துவிட்டாராம். (மறந்தாரா, நான் எண்ணுவேன் என்று விட்டுவிட்டு வந்தாரா தெரியவில்லை.)

இங்கே பக்கத்தில் இருக்கிற ஒரு அரசு மருத்துவ நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். மரியாதையாகப் பேசினார்கள். டாக்டரம்மாவுக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்தது, கோலார் தங்கவயல்காரராம். பிரஷர் பார்த்தார்கள், சுகர் பார்த்தார்கள், நோட்டுப் புத்தகம் போட்டுக் கொடுத்தார்கள், மாத்திரையும் கொடுத்தார்கள். குறை ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிரித்தால்: புதிய நோயாளி.

கணக்குப்பிள்ளை விழித்துக்கொண்டாள். அம்மா தமிழ்நாட்டில் ஏற்கெனவே ஒரு பயனாளி. இங்கே புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒருவர். ஒரே சரக்கு இரண்டு கிடங்கில் வரவு. மறுபக்கம் பாருங்கள்: ஊரில் அடுத்த மாதம் அந்தப் பெண் வந்தால் அம்மா வீட்டில் இல்லை. இங்கே மே மாதம் மறுபரிசோதனைக்கு வரச் சொன்னால் அப்போது அம்மா ஊரில். வரவு இரண்டு, தொடர்ச்சி பூஜ்யம்.

அம்மா மட்டும்தானா இப்படி? எங்கள் தெருவில் மட்டும் தர்மபுரி, திருப்பத்தூர், வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து மூன்று மாதம் பேரனைப் பார்த்துவிட்டு மூன்று மாதம் ஊருக்குப் போகிற அம்மாக்கள், மாமியார்கள் எத்தனை பேர்! பரீட்சை மாதத்தில் வருவார்கள், மாவிலை காய்வதற்குள் போய்விடுவார்கள். திட்டத்தை மாநிலம் மாநிலமாக, மாவட்டம் மாவட்டமாக அளக்கிறார்கள். கிழவிகள் பிள்ளைகள் இருக்கிற பக்கம் நகர்கிறார்கள்.

இன்னொன்று. மாத்திரையின் நிறம். ஊரில் கொடுத்தது வெள்ளை, வட்டம். இங்கே கொடுத்தது வேறு கம்பெனி, வேறு வடிவம். அம்மா அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். “இது பிரஷருக்கா, அதுக்குத் துணை மாத்திரையா?” நான் மட்டும் பக்கத்தில் இல்லாமல், மஞ்சப்பையும் இங்கே இருந்திருந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் போட்டிருப்பார்.

கணக்குப்பிள்ளை, 19 மார்ச்

'மாவிலை காய்வதற்குள்' என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேர். எங்கள் வீட்டுப் பேச்சு. விசேஷத்துக்குக் கட்டின தோரணம் காய்வதற்குள் கிளம்புகிற விருந்தாளி என்று பொருள்.

கணக்குப்பிள்ளை, 23 மார்ச்

மருந்துப்பெட்டியோடு நேற்று அரை மணி நேரம் ஃபோனில். வராமல் போனவர்களை என்ன செய்வது என்பதற்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறதாம். 2017இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்துவது. மகாராஷ்டிரத்தில் சாத்தாரா, சிந்துதுர்க், வர்தா, பண்டாரா மாவட்டங்களில் முதலில் வந்தது. அதில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கேட்பது இதுதான்: பதிவான எல்லாரிலும் கடைசியாகப் பார்த்தபோது 140/90க்குக் கீழே இருந்தவர்கள் எத்தனை பேர்? அந்தக் காலாண்டில் வராதவர்கள் தனி வரியில் வருவார்கள், ஆனால் வகுக்கிற எண்ணில் அவர்களும் உண்டு. வராதவரைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டு, வந்தவர்களில் இத்தனை சதவீதம் என்று மினுக்க முடியாது.

கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. இது ஸ்டோர் கணக்கின் தர்மம். காணாமல் போன சாமானைக் காணோம் என்று எழுது, பேரேட்டிலிருந்து அடிக்காதே.

ஆனால் அதிலும் அம்மா மாதிரி ஆட்கள் 'வராதவர்' ஆகிவிடுவார்களே என்று கேட்டேன். ஆமாம், அவர்களுக்குக் கட்டுக்குள் இருந்தாலும் அங்கே இல்லை என்றுதான் காட்டும் என்றார். தப்பு எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். திட்டத்துக்கு மார்க் குறைந்தாலும் பரவாயில்லை, ஆளைத் தேடிக்கொண்டு யாராவது போவார்கள். எனக்கு அந்தப் பக்கம்தான் பிடிக்கிறது.

கணக்குப்பிள்ளை, 30 மார்ச், யுகாதி

எதிர்வீட்டிலிருந்து பேவு பெல்லா (வேப்பம்பூவும் வெல்லமும்) வந்தது, பின்னாலேயே தட்டு நிறைய ஒப்பட்டு, நம் போளி. அம்மா வேப்பம்பூவை எனக்குத் தள்ளிவிட்டு ஒப்பட்டு ஒன்றரை சாப்பிட்டார். பண்டிகை நாளில் சுகர் பார்க்கக் கூடாது என்று சட்டமாம்.

மத்தியானம் பொழுது போகாமல் ஒரு விளையாட்டு. பெரியவர்களைப் பார்க்க உலக சுகாதார நிறுவனம் ஒரு கையேடு வைத்திருக்கிறது. ஞாபகம், நடமாட்டம், சத்து, பார்வை, காது, மனசு என்று ஆறு விஷயம். எதற்கும் மிஷின் வேண்டாம். இதைத் திட்டத்தின் மதிப்பீட்டில் சேர்க்கலாமே என்று இங்கே போன வாரம் ஒருவர் சொன்னார், அம்மா மேல் சோதித்தேன்.

முதலில் மூன்று வார்த்தை சொல்ல வேண்டும், கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்க வேண்டும். கையேட்டில் உதாரணமாகக் கொடுத்திருப்பதையே சொன்னேன்: பூ, கதவு, அரிசி.

அடுத்தது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும், 14 நொடிக்குள். பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். முதல் முறை எழுந்தார். இரண்டாம் முறை கை தன்னால் முட்டிக்குப் போனது. மூன்றாவதில் “போடி, வேலையத்தவளே” என்று உட்கார்ந்துவிட்டார். அப்படியே என்னைப் பார்த்து, “பிரஷருக்கு வாசலுக்கு வர்றாங்க, முட்டிக்கு யாருடி வருவாங்க?”

மருந்துப்பெட்டியிடம் இதைச் சொன்னால் அவர் சிரிக்கிறார். வீட்டுக்கு வந்து பிசியோதெரபி செய்வது அதே திட்டத்தில் தொடக்கத்திலிருந்தே உண்டாம். வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு. வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குப் பையும் உண்டு. அம்மாவுக்குத் தெரியவில்லை. அண்ணிக்குத் தெரியவில்லை. ஒரு மாதமாகத் திட்டத்தை அளந்து தள்ளிக்கொண்டிருக்கிற எனக்கும் தெரியவில்லை. ஏரிக்கரை இங்கே சிரித்துக்கொள்ளலாம்.

மூன்று வார்த்தை? கேட்டேன். “பூ, கதவு, அரிசி. எந்த அரிசி, ரேஷனா கடையா?”

கணக்குப்பிள்ளை, 15 ஏப்ரல்

சித்திரை ஒன்றுக்கு அம்மாவை ஊரில் விட்டுவிட்டு வந்தேன். அத்திப்பள்ளி வரை நின்றுகொண்டே போனோம், அங்கே ஒரு பையன் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தான், நன்றாக இருக்கட்டும்.

மாத்திரைக்காரப் பெண்ணைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் குடையோடு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தார். அம்மாவை உடனே பார்க்கவில்லை, ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பை விலக்கி, கையைத் திண்ணைத் தலையணை மேல் வைத்துப் பிறகுதான் பட்டையைச் சுற்றினார். இதைச் சொல்லக் காரணம், எங்கள் தொழிற்சாலையில் வருஷா வருஷம் நடக்கிற முகாமில் மாடி ஏறி வந்த மூச்சோடு பிடித்து உட்கார வைத்துப் பார்ப்பார்கள். எனக்கு 150 காட்டும், வீட்டில் பார்த்தால் 124. திண்ணையில் எடுத்த எண்ணை நான் நம்புவேன்.

அரசாங்கத்துக்கு அவர் எப்படிப் பதிகிறார் என்பதை நான் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. நான் பார்த்தது அவருடைய சொந்த நோட்டை. பையன் பழைய வகுப்பில் மிச்சம் வைத்த நோட்டு, பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறார். வீடு வீடாகப் பெயர், எதிரே பென்சிலில் சின்னச் சின்னக் குறிப்பு. 'ஆடு மேய்க்க, 6 மணிக்கு மேல்.' 'காது கேக்காது, பின்வாசல்.' 'மருமக கிட்ட குடுக்க வேணாம்.' 'திருப்பூர், மக வீடு, ஆடி வந்தா வருவாங்க.' ஒரு பெயருக்கு எதிரே கோடு போட்டுத் தேதி மட்டும்.

அம்மா பெயருக்கு எதிரே: 'பெங்களூர். மக எண்ணிப் பாக்குது.'

அண்ணி போட்டுக் கொடுத்துவிட்டார்.

நான் அசடு வழிந்தேன். அவர் சிரித்துவிட்டு, “பரவால்லைங்க அக்கா, நானும் எண்ணுவேன். ஆனா எண்ணுனா ஒளிச்சு வெச்சுருவாங்க. அதனால 'தண்ணி குடுங்க'ன்னு கேட்டுட்டு உள்ள போயி அட்டையைப் பாத்துக்குவேன்” என்றார்.

ஏரிக்கரை மார்ச் 2ஆம் தேதி கேட்டார், இதற்கு மேல் என்ன மதிப்பீடு வேண்டும் என்று. அந்த நோட்டு வேண்டும். யார் ஏன் இல்லை என்று எழுதியிருக்கிற பென்சில் குறிப்பு வேண்டும். மேலே போகும்போது அது 'பார்த்தவர் இத்தனை, பார்க்காதவர் இத்தனை' என்று இரண்டு எண்ணாகச் சுருங்கினாலே எனக்கு வருத்தம்.

இரவு மாத்திரையை மதியத்துக்கு மாற்றலாமா என்று அடுத்த முறை டாக்டரிடம் கேட்டுச் சொல்வதாக அந்தப் பெண் சொன்னார். தலைசுற்றலுக்குக் கூடுதல் மாத்திரை விவகாரத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. அம்மாவை எழுந்து நிற்க வைத்து மறுபடி ஒரு தடவை பிரஷர் பார்த்தார். இறங்கியிருந்தது. பக்கத்துத் தெருவில் இன்னும் இரண்டு பேர் அப்படிப் போட்டுக்கொள்வதாகச் சந்தேகமாம்.

கணக்குப்பிள்ளை, 27 ஏப்ரல்

கோலார்ப் பேத்தி என்று ஒருவர் எழுதியிருக்கிறார், கர்நாடகத்திலும் 2024இல் கோலாரில் கிருஹ ஆரோக்கியா தொடங்கியிருக்கிறார்கள், வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், இரண்டையும் ஒப்பிட்டால் என்ன என்று. ஒப்பிடலாம், இப்போது வேண்டாம். ஒன்றுக்கு நான்கு வயது ஆகப்போகிறது, இன்னொன்று தவழ்கிறது.

ஒப்பிடுவதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் தடவை வீடு வீடாகப் போய், பிரஷர் கூட இருப்பவர்களைப் பொறுக்கி எடுக்கிறோம். அன்று கூட இருந்தவர்களில் ஒரு பகுதிக்கு அன்று மட்டும்தான் கூட இருந்திருக்கும், என் முகாம் 150 மாதிரி. ஆறு மாதம் கழித்து அவர்களையே பார்த்தால் மாத்திரை இல்லாவிட்டாலும் சராசரி இறங்கியிருக்கும். அதைத் திட்டத்தின் சாதனை என்று எழுதிவிடுவார்கள். திட்டம் இன்னும் போகாத பக்கத்து வட்டாரத்திலும் அதே மாதிரி பார்த்திருந்தால்தான் எவ்வளவு தன்னால் இறங்கியது, எவ்வளவு மாத்திரையால் என்று பிரிக்க முடியும். தமிழ்நாட்டில் முதலில் சில வட்டாரங்களில் தொடங்கிப் பிறகுதான் எல்லா இடத்துக்கும் போனார்கள். முன்னால் போன வட்டாரம், பின்னால் போன வட்டாரம் என்று வைத்துப் பார்க்க அருமையான சமயம் அது. கர்நாடகத்துக்கு இப்போது அதே சமயம்.

கோலார் மாவட்டத்திலேயே சீனிவாசபுரத்தில் வேறொன்று நடக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம், கிராமங்களில் 45 வயது தாண்டிய 10 ஆயிரம் பேரைச் சேர்ப்பதாகத் திட்டம் போட்டு, சேர்ந்தவர்களையே திரும்பத் திரும்ப வருஷக்கணக்கில் பார்க்கிறார்கள். ஞாபக சக்திதான் முக்கிய விஷயம். அது திட்டம் அல்ல, ஆராய்ச்சி. ஆனால் அதே ஆளை மறுபடி தேடிப் போவது என்பதில் திட்டக்காரர்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். சீனிவாசபுரம் மாம்பழ ஊர். கோலார்ப் பேத்தி, சீசனில் ஒரு கூடை இந்தப் பக்கம் வந்தால் ஒப்பீட்டைப் பற்றி மறுபடி யோசிக்கிறேன்.

கணக்குப்பிள்ளை, 11 மே

மார்ச் 18இல் 'தொடர்ச்சி பூஜ்யம்' என்று எழுதினேன். அதையும் கொஞ்சம் பின்வாங்குகிறேன். இங்கே போட்ட நோட்டுப் புத்தகத்தை அம்மா ஊருக்கு எடுத்துப் போயிருக்கிறார். மாத்திரைக்காரப் பெண் அதைப் பார்த்து, பெங்களூரில் எடுத்த பிரஷரையும் சுகரையும் தன் நோட்டில் குறித்துக்கொண்டாராம். கன்னடத்தில் எழுதியிருந்தாலும் எண் எண்தானே. இரண்டு அரசாங்கத்துக்கு நடுவில் ஒரு கிழவியின் சுருக்குப்பை வழியாகத் தொடர்ச்சி போகிறது.

மருந்துப்பெட்டி, ஆபா எண்ணோடு (ஒருவருடைய மருத்துவப் பதிவுகளை ஒன்றாக இணைக்கிற தேசிய அடையாள எண்) இணைத்தால் இதெல்லாம் தானாக நடக்கும் என்கிறீர்கள். நடக்கட்டும். அதுவரை சுருக்குப்பை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாள் முதியோர் சிகிச்சை, மாவட்ட ஆஸ்பத்திரியில் 10 படுக்கை வார்டு என்று 2010-11இல் தொடங்கிய மத்தியத் திட்டம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அம்மா போனதில்லை. டவுன் பஸ் காலையில் ஒன்று, அதை விட்டால் மத்தியானம். வந்தவர்களைக் கேட்டு மதிப்பிட்டால் நல்ல மார்க் வரும், பஸ் ஏற முடிந்தவர்கள் மட்டும்தானே வந்திருப்பார்கள்.

கணக்குப்பிள்ளை, 22 ஜூன்

சனி ஞாயிறு ஊரில். பிசியோதெரபிக்காரர் இரண்டு தடவை வந்திருக்கிறார். நாற்காலிச் சோதனையில் இப்போது மூன்று முறை முழுதாக, நாலாவதில் திட்டு. அம்மா தினமும் பயிற்சி செய்கிறேன் என்கிறார், அண்ணி கண்ணைச் சிமிட்டுகிறார்.

மஞ்சப்பையைத் தேடினேன். பரண், பீரோ மேலே, தலையணைக்கடியில், எங்கேயும் இல்லை. அம்மாவைக் கேட்டால் “எந்தப் பை?” என்கிறார்.

கிளம்பும்போது அண்ணி பஸ் ஸ்டாப் வரை வந்து காதில் சொன்னார்: “அரிசிப் பானைக்குள்ள இருக்கு. உன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு அத்தை சத்தியம் வாங்கிட்டாங்க.”